தைலக்கடை பாயின் பத்தாவது சாவு

ஒலியுல்லா இதுவரை ஒன்பது தடவை செத்திருந்தார். ஒன்பதும் சண்டைப் படங்கள். நாலு தடவை பைன் காட்டில் மேஜர்களின் கையால், இரண்டு தடவை ஹெலிகாப்டரிலிருந்து விழுந்த குண்டால், ஒரு தடவை பள்ளத்தில் உருண்டு, ஒரு தடவை சொந்தக் கூட்டாளியே சுட்டு. மிச்சம் ஒரு தடவை எப்படிச் செத்தார் என்று அவருக்கே தெரியாது. புகைக்குள் ஓடச் சொன்னார்கள், ஓடினார். படத்தில் பார்த்தால் செத்துக் கிடக்கிறார்.

பெயர்ப் பட்டியலில் அவருக்குப் பெயர் கிடையாது. தீவிரவாதி 2, தீவிரவாதி 3, இல்லையென்றால் எல்லைக்கு அப்பால் இருந்து வந்தவன். ஒரே ஒரு படத்தில் தீவிரவாதி 1 என்று வந்தபோது, பாய்க்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதென்று சொல்லிக் கடைவீதிக்காரர்கள் டீ கேட்டார்கள். அவரும் வாங்கிக் கொடுத்தார்.

உண்மையில் அவர் கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் தைலமும் சாக்லேட்டும் கம்பளித் தொப்பியும் விற்கிறவர். வீடு நாயுடுபுரத்தில். காஷ்மீருக்குப் போகக் காசோ துணிச்சலோ இல்லாத தயாரிப்பாளர்களுக்குக் கொடைக்கானல்தான் காஷ்மீர். அப்படி வந்த ஒரு கூட்டம் பதினாறு வருஷத்துக்கு முன் அவர் கடையில் முப்பது தொப்பி வாங்கியது. தொப்பியைக் கட்டிக் கொடுத்தவரின் ஆறடி உயரத்தையும் பூனைக் கண்ணையும் தாடியையும் பார்த்த மானேஜர், "பாய், துப்பாக்கி பிடிப்பீங்களா?" என்று கேட்டான். எதைப் பார்த்து அந்தக் கேள்வி வந்தது என்று ஒலியுல்லாவுக்கு நன்றாகத் தெரியும். வாழ்க்கையில் கொசு பேட்டைத் தவிர எதையும் ஓங்கியறியாத மனிதர். ஆனாலும் போனார். நடிப்பு என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு.

முதல் படத்திலேயே சிக்கல் வந்தது. சுடுவதற்கு முன்னால் கண்ணை மூடி அரபியில் ஏதாவது சொல்லுங்கள் என்றார் இயக்குநர். என்ன சொல்வது என்று அந்த ஆளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை. பயங்கரமாக இருந்தால் போதும் என்றார். ஒலியுல்லா அன்று சோறு இறங்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். தொழுகையில் ஓதுகிற வாயால், ஆளைக் கொல்லப் போகிறவனுக்காக அதையே ஓதுவதா? அவர் மனைவி ரபியாதான் வழி சொன்னாள்.

"கக்கூஸுக்குப் போறப்ப ஓதுற துஆ இருக்குல்ல, அத ஓதிட்டு வாங்க. அவன் மூஞ்சிக்கு அது போதும்."

மதரஸாவில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு வரி அது. கழிப்பறைக்குள் இடது காலை வைக்கும் முன், அசுத்தமான ஷைத்தான்களிடமிருந்து காப்பாற்று என்று கேட்பது. ஒலியுல்லா அதை அடித்தொண்டையில், பல்லைக் கடித்துக்கொண்டு ஓதினார். இயக்குநருக்குப் புல்லரித்துவிட்டது. ஒன்பது படத்திலும் ஒன்பது இயக்குநர்களுக்கும் புல்லரித்தது. அத்தனை பெரிய படிப்பாளிகளில் ஒருத்தன்கூட, என்ன பாய் சொன்னீர்கள், அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டதில்லை.

படம் வந்ததும் கடைவீதிக் கூட்டம் வேனைப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு இறங்கும். ஒலியுல்லா கண்ணை மூடி ஓத ஆரம்பித்ததும் கொட்டகையே உறைந்திருக்கும். இவர்கள் இருக்கிற இரண்டு வரிசை மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் துண்டை வாயில் அடைத்துக்கொள்வார். ரபியா முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்குவாள். கொடுக்கிற கூலி போக்குவரத்துக்கே காணாது. அந்தச் சிரிப்புதான் ஒலியுல்லாவின் சம்பளம். என் முகத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், என் கலிமாவைத் தரமாட்டேன் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பத்தாவது படத்துக்கு வந்தவன் பழனிக்குமார். சொந்த ஊர் பழனிதான் என்றாலும் தமிழை எப்போதாவது தூசி தட்டி எடுத்துப் பேசுகிற இயக்குநர். கடை வாசலில் காரை நிறுத்தி, தைலம் வாங்க வந்தவர்களை ஒதுக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சார், உங்களை இண்டஸ்ட்ரி வேஸ்ட் பண்ணிருச்சு. நான் உங்களுக்கு ஒரு ஹியூமன் பீயிங்கை எழுதியிருக்கேன். மாரலி காம்ப்ளெக்ஸ். ஃபுல் கிரே."

"என்ன பண்றான் அவன்?"

"பஸ்ஸுக்கு குண்டு வைக்கிறான்."

"அதத்தான் நான் பதினாறு வருசமா வச்சுக்கிட்டு இருக்கேன் தம்பி."

"இல்ல சார், இவன் வச்சுட்டு அழறான். பேரு யாகூப். அவனுக்கு ஒரு காரணம் இருக்கு. கடைசியில ரெண்டாவது குண்டுலேர்ந்து ஒரு பொண்ணைக் காப்பாத்திட்டு ஹீரோ கையால சாகறான். போஸ்டர்ல நீங்களும் ஹீரோவும் பாதிப் பாதி முகம்."

அவன் பேசப் பேச ஒலியுல்லாவுக்கு உள்ளே எரிச்சல் பொங்கியது. காரணமாம். பதினாறு வருஷம் கழித்து இப்போதுதான் இவன்களுக்குக் காரணம் என்று ஒன்று இருக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. குண்டு வைக்கிற கையை மட்டும் மாற்ற மாட்டான்கள், கண்ணில் கொஞ்சம் கிளிசரின் விடுவான்கள், அதற்குப் பெயர் சிக்கலான மனிதன். இப்படியெல்லாம் மனதுக்குள் வைதுகொண்டேதான் இருந்தார். ஆனால் பெயர் இருக்கிறது, அழுகை இருக்கிறது, போஸ்டரில் பாதி முகம் இருக்கிறது. இவன்களையே தன்னை நடிகன் என்று சொல்லவைக்கும் ஒரு சாவு இருக்கிறது. கார் போனதும் சாக்லேட் அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பாதி முகம் என்றால் எந்தப் பாதி என்று யோசித்துக்கொண்டு நின்றவரை ரபியா பார்த்துவிட்டாள்.

"என்ன, மாப்பிள்ள கோலமா?"

"இது வேற மாதிரிப் படம் ரபியா."

"ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுததாம். போங்க, போயி நடிங்க. துஆ மறந்துறாதீங்க."

படப்பிடிப்பு கிளாவரையில். கேரள எல்லைக்குப் பக்கத்தில், ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற ஊர். சின்னக்கருப்பன் என்பவர் பூண்டு எடுத்து முடித்திருந்த காட்டை வாடகைக்குப் பிடித்து, சோப்பு நுரையை அடித்துப் பனி பெய்யவைத்திருந்தார்கள். ஊர் சனத்துக்கெல்லாம் நீள அங்கியை மாட்டிக் காஷ்மீரிகளாக்கியிருந்தார்கள். சின்னக்கருப்பனின் மனைவி வேலுத்தாய் அங்கிக்குள் கையைத் தேடிக்கொண்டு நின்றாள்.

"இத மாட்டிக்கிட்டு எந்தச் சோலியத்தான் பாப்பாளுக அந்த ஊருப் பொம்பளைக? வெரசா எடுத்து முடிங்கப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

முதலில் பஸ் காட்சி. ஒலியுல்லா பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, மூக்குக்குக் கீழே துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி ஓதிவிட்டு போனில் பொத்தானை அமுக்க வேண்டும். கீழே காலி பஸ் வெடிக்கும். இந்தப் படத்தில் குரலைச் சென்னையில் போய்ப் பேசிச் சேர்ப்பதில்லை, அங்கேயே நேரடியாகப் பதிவு. ஒலியுல்லா வழக்கப்படி கழிப்பறை துஆவை உறுமினார். பழனிக்குமாருக்கும் புல்லரித்தது. ஆனால் காதில் கருவியை மாட்டிக்கொண்டிருந்த உதவி இயக்குநர் ஷமீர் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பழனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன். வெளிக்குப் போவதுபோல் ஓடிப்போய்ப் பூண்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்தான்.

"மாமு, எத்தன படத்துல இந்த வேல பாத்தீங்க?"

"ஒம்பது. வெளிய சொல்லிறாதலே."

"அல்லாவே, நான் ஏன் சொல்லப்போறேன்?"

அவன் கண்ணில் இருந்த மரியாதை ஒலியுல்லாவுக்கு இனித்தது. பதினாறு வருஷத்தில் சினிமாக்காரன் ஒருவன் தன் நடிப்பைப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

சாவுக் காட்சி மூன்றாம் நாள். நுரைப் பனியில் மல்லாந்து கிடக்க வேண்டும். தலை வேலுத்தாயின் மடியில். படத்தில் அவள், காப்பாற்றப்பட்ட பெண்ணின் தாய். அவள் அழ வேண்டும், அவளுக்கு அழுகை வரவில்லை. "தைலக்கட பாயி உசுரோட கெடக்காரு, நான் எதுக்கு அழுகுறது?" என்று நியாயம் பேசினாள். நாலு டேக் வீணானது. பழனிக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்போது ஷமீர் வந்து ஒலியுல்லாவின் காதருகே குனிந்தான்.

"மாமு, இது மௌத்து சீன். யாகூப் திருந்திச் சாகறான். இதுக்கும் அதத்தான் ஓதப்போறீங்களா? இந்த ஒரு எடத்துல நெசத்த ஓதுனா, நம்ம ஆளு எப்பிடிச் சாவான்னு ஊரு பாக்கும்."

அது அவர் மனதில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்ததுதான். அடுத்தவன் வாயில் கேட்டதும் நியாயமாகவே தெரிந்தது. ஒலியுல்லா எழுந்து நுரையைத் தட்டிவிட்டுக்கொண்டு பழனிக்குமாரிடம் போனார்.

"கலிமா ஓதுறேன் தம்பி. ஆனா இந்தச் சீனுல மட்டுந்தான் அது வரணும். வேற எங்கயும் ஒட்டக் கூடாது."

"எங்கம்மா மேல சத்தியம் சார்."

சினிமாக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு அம்மா என்பது ஒலியுல்லாவுக்குத் தெரியாததல்ல. ஒரு படத்துக்குக் கொடுத்த தொப்பிக்கே இன்னும் காசு வராத ஆள் அவர். ஆனாலும் நம்பினார். நம்ப ஆசைப்பட்டார் என்று சொல்வதுதான் சரி.

திரும்பப் போய்ப் படுத்தார். எட்டு வருஷத்துக்கு முன் நாயுடுபுரம் வீட்டில் அவரைப் பெற்ற அத்தா இறந்துபோனது நினைவுக்கு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடிப்பதுபோல் அத்தா கலிமா சொன்னார். ஒலியுல்லா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். மருமகள் ரபியா கரண்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்கிற, ஒவ்வொரு முஸ்லிமும் கடைசியில் தன் வாயில் வரவேண்டும் என்று கேட்கிற வாக்கியம் அது. அத்தாவுக்கு வாய்த்தது. இப்போது ஒலியுல்லா அதே இழுப்பில், அதே நடுக்கத்தில், அதே இடத்தில் உடைந்து, திரும்பவும் பிடித்துச் சொல்லி முடித்தார். நடித்தாரா சொன்னாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. முகத்தில் சூடாக ஏதோ விழுந்தது. வேலுத்தாயின் கண்ணீர்.

கட் சொல்லவே பழனிக்குமார் மறந்துபோனான். எல்லோரும் கை தட்டினார்கள். வேலுத்தாய் அங்கியின் கையால் மூக்கைச் சிந்தினாள்.

"என்னத்தச் சொன்னீக பாயி? மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. இனிமே இத வெளையாட்டுக்குச் சொல்லாதீக."

இரண்டு வாரம் கழித்துப் படத்தைச் சென்னையில் வெட்டி ஒட்டினார்கள். அங்கே ஷமீர், தன் மாமுவின் சாமர்த்தியத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஆசைப்பட்டு, பஸ் காட்சியில் பாய் ஓதுவது கழிப்பறை துஆ என்று சொல்லிச் சிரித்துவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும். பழனிக்குமார் சிரிக்கவில்லை. ஒரு தைலக்கடைக்காரன் தன்னை முட்டாளாக்கிவிட்டான் என்று அவனுக்கு முகம் சிவந்துபோயிற்று. அப்புறம் அவனுக்கே உரிய ஒரு யோசனை தோன்றியது. இது எதுவும் ஒலியுல்லாவுக்குத் தெரியாது. ஷமீருக்குத் தெரியும், போன் பண்ண அவனுக்கு வாய் வரவில்லை.

படம் வெளியான வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் வேன் திண்டுக்கல்லுக்கு இறங்கியது. போஸ்டரில் நிஜமாகவே பாதி முகம் இருந்தது. ஒலியுல்லா அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மகள் ஹாஃபிஸா தோழிகளுக்கு அனுப்பினாள். மாலைக் காட்சி. வழக்கம்போல இரண்டு வரிசை.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பாறையும் காலி பஸ்ஸும் வந்தன. காலி பஸ் இப்போது காலியாக இல்லை. சன்னலுக்குச் சன்னல் குழந்தைகள். மோதினார் துண்டைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார். பின் வரிசையிலிருந்து ஒருத்தர், "பாய் ஆரம்பிக்கப்போறாரு, ஆரம்பிக்கப்போறாரு" என்று இடித்தார். ரபியா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டாள். துணி சுற்றிய முகம் திரை முழுக்க நின்றது. கண் மூடியது.

கேட்டது கலிமா. மூச்சு வாங்கி, எழுத்தெழுத்தாகத் தேடி, நடுவில் உடைந்து, திரும்பவும் பிடித்துச் சொன்ன கலிமா. வாயைத் துணி மூடியிருந்ததால் குரல் கச்சிதமாகப் பொருந்தியது. குரலின் நடுக்கம் வெறியின் நடுக்கமாகக் கேட்டது. கடைசி எழுத்து முடிந்ததும் விரல் பொத்தானை அமுக்கியது. பஸ் தீப்பிடித்தது.

இரண்டு வரிசையிலும் யாரும் சிரிக்கவில்லை. மோதினார் துண்டை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முன்னால் எவனோ, "தேவடியாப் பயலே" என்று திரையைப் பார்த்துக் கத்தினான். ரபியா ஒலியுல்லாவின் பக்கம் திரும்பினாள்.

"அது மாமா கொரலு," என்றாள்.

ஒலியுல்லா சாவுக் காட்சி வரும்வரை உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தார். வந்தது. வேலுத்தாயின் மடியில் கிடந்த யாகூபின் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மேலே வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஹீரோ பெருந்தன்மையாக அவன் கண்ணை மூடிவிட்டதும் கொட்டகை கை தட்டியது.

வெளியே வந்ததும் ஷமீருக்குப் போன் போட்டார். நாலாவது தடவை எடுத்தான். நடந்ததைச் சொல்லி அழுதான். பழனிக்குமார் எடுக்கவே இல்லை, ஒரு செய்தி மட்டும் அனுப்பினான். சார், எல்லாரும் பஸ் சீனைத்தான் பேசறாங்க, நீங்க இனிமே பெரிய ஆக்டர். வேன் மலை ஏறியது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏமாந்துபோனேன் என்று சொல்லியிருப்பார். ஏமாந்தது மட்டும்தான் என்றால் சொல்லவும் நாக்கு எழுந்திருக்கும். போஸ்டர் முன்னால் நின்று எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று யோசித்தது யார்? தன் அத்தாவின் கடைசி மூச்சை நுரைப் பனியில் படுத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தது யார்? முட்டாள்கள் என்று பதினாறு வருஷம் யாரை நினைத்துச் சிரித்தாரோ, அவர்களிடம் போய், தன்னை நடிகன் என்று சொல்லச் சொல்லிக் கை ஏந்தியிருக்கிறார். தன்னை நினைத்தால் அவருக்கே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் வெள்ளனே கடையைத் திறந்தார். ரபியா உள்ளே உட்கார்ந்து சாக்லேட்டுக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு வெளியூர்க் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் தைலத்தைக் கையில் எடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். சந்தேகம் தீர இரண்டாம் தடவையும் பார்த்தான்.

"சார், நீங்கதானே யாகூப்? நேத்துத்தான் பார்த்தோம். அந்த பஸ் சீன், செம சார். ஒரே ஒரு தடவை சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கறேன்."

"அதெல்லாம் இங்க வேணாம் தம்பி. தைலம் எத்தன பாட்டில்?"

"அட, சொல்லுங்க சார். சரி, நானே சொல்றேன், நீங்க சும்மா நில்லுங்க."

அவன் கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டான். கண்ணை மூடி, மூச்சு வாங்கி, ஒலியுல்லாவின் அத்தா உடைந்த இடத்தில் தானும் உடைந்து, கலிமாவைப் பாதியும் தப்புமாகச் சொன்னான். பிறகு கட்டைவிரலால் பொத்தானை அமுக்குவதுபோல் அமுக்கி, வாயால் குண்டு வெடித்தான். காருக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே தாள் சுற்றுகிற சத்தம் நின்றது. ரபியா எழுந்து வந்து, அவன் கையிலிருந்த தைல பாட்டிலை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தாள். இங்கே விற்பனை இல்லை என்றாள். அவன் புரியாமல் முழித்துவிட்டுப் போனான். கார் கிளம்பியதும் அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"ஒம்பது தடவ செத்தீங்க," என்றாள் பிறகு. "ஒம்பது தடவையும் வீட்டுக்கு முழுசாத்தான் வந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய் மிச்ச சாக்லேட்டுகளைச் சுற்ற உட்கார்ந்தாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டபோது, தினமும் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாகப் பள்ளிவாசலுக்குப் போகிற ஒலியுல்லா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. தொழுகையிலும் வருகிற அந்த வாக்கியத்தை இனி எந்தக் குரலில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.